‘அடுத்த வாரம் வாங்க சார்’: துப்பாக்கி வேலைக்குக் கொடுத்தால் ஏன் இழுக்கிறது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்னையில் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் கொஞ்சம் பேர்தான். போட்டிக்குச் சுடுகிறவர்கள், தாத்தா காலத்து டபுள் பேரலை (இரட்டைக் குழல் துப்பாக்கியை) லைசென்ஸோடு காப்பாற்றி வருகிறவர்கள், பயிர்க் காவலுக்கு லைசென்ஸ் வாங்கி, பழுது பார்க்க வெளி மாவட்டத்திலிருந்து இங்கே வருகிறவர்கள், பிள்ளையை ஏர் ரைஃபிள் பயிற்சிக்கு அனுப்பும் பெற்றோர். இவர்களில் எந்த இருவர் சந்தித்தாலும் பேச்சு ஒரே இடத்தில் வந்து நிற்கும்: கட்டை (தோளில் பதியும் மரப் பகுதி) மாற்றக் கொடுத்தது இன்னும் வரவில்லை, இரண்டு மாதம் என்றார், எட்டு மாதம் ஆகிவிட்டது, பேசிய தொகை ஒன்று, பில் வேறொன்று.

கடைக்காரர் ஏமாற்றுகிறார் என்று முடித்துவிடலாம். சில இடங்களில் அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் பெரும்பாலான தகராறுகளுக்குக் காரணம் வேறு. துப்பாக்கி வேலையில் கை படும் நேரம் குறைவு, காத்துக் கிடக்கும் நேரம் அதிகம். மரம் காய வேண்டும், எண்ணெய் உலர வேண்டும், துரு ஏற வேண்டும், பாகம் வந்து சேர வேண்டும், காகிதம் நகர வேண்டும். இந்தக் காத்திருப்பைக் கடைக்காரர் சொல்வதில்லை, வாடிக்கையாளரும் கேட்பதில்லை. வாய்ப்பேச்சில் ஒரு தேதி, ஒரு தொகை. இரண்டுமே நிற்காது. எங்கே நாள் போகிறது, எங்கே காசு போகிறது என்பதை வேலைக்குக் கொடுக்கப் போகிறவர்கள் தெரிந்துகொள்ளட்டும் என்று இதை எழுதுகிறோம்.

முதலில் கட்டை. ஸ்டாக்கை நம் ஊரில் கட்டை என்றுதான் சொல்கிறோம். நல்ல கட்டைக்கு வால்நட், அதாவது அக்ரூட் மரம், காஷ்மீரிலிருந்து வருகிறது. டபுள் பேரலின் பின்கட்டைக்கு இரண்டரை அங்குலக் கனமுள்ள பலகை வேண்டும். காற்றில் உலரும் மரத்துக்கு ஓர் அங்குலத்துக்கு ஒரு வருஷம் என்பது தச்சர்களின் பழைய கணக்கு. இந்தப் பலகை இரண்டரை வருஷம் காய்ந்ததா என்பதே கேட்க வேண்டிய முதல் கேள்வி. ‘சீசன் ஆன மரம் சார்’ என்ற பதில் போதாது. ஈரப்பதம் பார்க்கும் மீட்டரை வைத்துக் காட்டச் சொல்லுங்கள். 8 முதல் 12 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும்.

அதோடு முடியவில்லை. வறண்ட இடத்தில் காய்ந்த மரம் கடற்கரை ஊருக்கு வந்ததும் ஈரத்தை இழுத்து உப்பும். ஐப்பசி, கார்த்திகை மழையில் வந்த பலகையை உடனே செதுக்கினால், சித்திரை வெயிலில் அது சுருங்கி, இரும்புக்கும் மரத்துக்கும் நடுவே மயிரிழை இடைவெளி விழும். பன்னிரண்டு போர் (குழல் அளவு) துப்பாக்கி பின்னால் உதைக்கும்போது அந்த உதையை மரத்தின் முகப்பு முழுவதும் வாங்கிக்கொள்ள வேண்டும். இடைவெளி விழுந்துவிட்டால் ஏதோ ஒரு மூலை மட்டும் வாங்கும். கட்டையின் தலை பிளப்பது அங்கேதான். புதுக் கட்டை ஒரே வருஷத்தில் பிளந்துவிட்டது என்று சண்டைக்குப் போகிறவர்களின் துப்பாக்கியைப் பார்த்தால் பத்தில் எட்டு இந்தக் கதையாக இருக்கும்.

இதற்கு மருந்து எளிது, ஆனால் பொறுமை வேண்டும். பலகையைப் பட்டறையிலேயே இரண்டு மூன்று மாதம் போட்டுவைத்து, வாரம் ஒரு முறை எடை பார்த்து, பலகையின் மேலேயே பென்சிலால் எழுதிவைக்க வேண்டும். நான்கு வாரம் தொடர்ந்து எடை மாறவில்லை என்றால் மரம் இந்த ஊர்க் காற்றுக்குப் பழகிவிட்டது என்று பொருள். அதற்குப் பிறகுதான் உளி. இந்த இரண்டு மூன்று மாதத்தைத் தாமதம் என்று நினைத்துக் கடைக்காரரை விரட்டினால், நஷ்டம் விரட்டியவருக்கே.

‘வால்நட் எதற்கு, நம்ம தேக்கு இல்லையா, ஈட்டி இல்லையா?’ என்று கேட்பவர்கள் உண்டு. தேக்கில் இயல்பாகவே எண்ணெய்ப் பசை உண்டு. மேல்பூச்சும் பசையும் சரியாகப் பிடிக்காது, உளியையும் சீக்கிரம் மழுங்கடிக்கும். ஈட்டி அழகுதான். ஆனால் வால்நட்டைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கனம் கூடுதல். பின்பக்கம் கனத்துவிட்டால் துப்பாக்கியின் சமநிலையே போய்விடும். போட்டியில் பறக்கவிடும் களிமண் தட்டைச் சுடுகிறவருக்கு இது முதல் நாளே தெரியும்.

மரம் தயாரான பிறகுதான் உண்மையான கைவேலை. குழலைப் பூட்டிச் சுடவைக்கும் இயந்திரப் பகுதிக்கு ஆக்‌ஷன் என்று பெயர். ஆக்‌ஷனின் இரும்பில் விளக்குக் கரியைப் பூசி, மரத்தில் வைத்து எடுத்து, கரி ஒட்டிய இடத்தை மட்டும் சுரண்டி, மறுபடி கரி, மறுபடி சுரண்டல். நூற்றுக்கணக்கான தடவை இப்படி நடக்கும். இதை அவசரப்படுத்த முடியாது. ஒரு தடவை அதிகம் சுரண்டிவிட்டால் அந்த மரம் விறகு. சிலர் மிகையாகச் சுரண்டிவிட்டு எபாக்சி பசை போட்டு நிரப்பிவிடுவார்கள். ரைஃபிளில் பெட்டிங் என்று வேண்டுமென்றே இதைச் செய்வது முறையான வேலைதான். ஆனால் கைப்பொருத்தம் என்று காசு வாங்கிய டபுள் பேரலில் எபாக்சி இருந்தால் அது ஒட்டுவேலை. கட்டையைக் கழற்றிக் காட்டச் சொல்லிப் பார்த்தால் தெரிந்துவிடும்: மரத்தில் சீராகக் கரித் தடம் இருக்கும், அல்லது கெட்டியான பசை வழிந்து இறுகியிருக்கும்.

அடுத்து எண்ணெய்ப் பூச்சு. காய்ச்சிய ஆளிவிதை எண்ணெயை விரலால் மெல்லிசாகத் தேய்த்து, உலரவிட்டு, மறுபடி தேய்ப்பது. பத்துப் பதினைந்து பூச்சு வேண்டும். வறண்ட காலத்தில் ஒரு பூச்சு ஒரு நாளில் உலரும். சென்னை மழைக்காலத்தில் இரண்டு மூன்று நாள் ஆனாலும் பிசுபிசுக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: இது மட்டுமே மூன்று வாரத்திலிருந்து ஆறு வாரம். பிடிமானத்துக்காக வெட்டும் செக்கரிங் கட்டங்களை எண்ணெய் நன்றாக இறுகிய பிறகுதான் வெட்ட வேண்டும். இறுகாத மரத்தில் வெட்டினால் கட்டங்களின் வைர வடிவ முனைகள் மழுங்கி, உள்ளே எண்ணெய் கட்டிக்கொள்ளும். அங்குலத்துக்கு 18 கோடு, 22 கோடு, 24 கோடு என்று நுணுக்கத்துக்கேற்ப கூலியும் ஏறும். எத்தனை கோடு என்று பேசாமல் ‘நல்லா செக்கரிங் பண்ணிடுங்க’ என்று சொல்லிவிட்டு வந்தால், அந்த ‘நல்லா’வின் விலை பில்லில்தான் தெரியும்.

மரத்தைவிடப் பெரிய வம்பு அளவில்தான். விசையிலிருந்து கட்டையின் முடிவு வரை உள்ள நீளம் வெளிநாட்டு ஷாட்கன்களில் பெரும்பாலும் 14¼ முதல் 14½ அங்குலம். நம்மில் பலருக்கு அது நீளம். கன்னம் படும் இடத்தின் தாழ்வு, கட்டையின் குதிகால் எனப்படும் பின்முனை மேல்மூலையின் தாழ்வு, கட்டை பக்கவாட்டில் சாயும் அளவு, முடிவின் சரிவு என்று இன்னும் நான்கு அளவுகள் உண்டு. வலக்கைக்காரருக்கு அந்தப் பக்கச் சாய்வு எட்டில் ஒரு அங்குலம் முதல் கால் அங்குலம் வரை. இடக்கைக்காரருக்கு அதே அளவு எதிர்ப்பக்கம். பட்டறையில் பல பேருக்கு இதைக் கேட்கத் தோன்றுவதே இல்லை. கொடுப்பவர் எந்தக் கையால் சுடுகிறார், எந்தக் கண் மேலோங்கியது என்று கேட்காமல் அளவெடுக்கும் கடையிலிருந்து கிளம்பிவிடுவது நல்லது.

அளவு கொடுக்கும் நாளில் சுடும்போது போடும் ஜாக்கெட்டையே போட்டுக்கொண்டு போக வேண்டும். சட்டையோடு அளவு கொடுத்துவிட்டு, ஜாக்கெட்டோடு சுட்டால் அதன் தோள் பஞ்சே ஐந்து முதல் பத்து மில்லிமீட்டரைத் தின்றுவிடும். கட்டை நீண்டதுபோல அக்குளில் மாட்டும். உடனே மறுபடி பட்டறை, அறுத்து, பட் பேடை (கட்டையின் பின்முனை மெத்தையை) மாற்று, மறுபடி பூச்சு. இந்த இரண்டாம் சுற்றுக்குக் கூலி யார் தருவது? தவறு யாருடையது என்று காகிதத்தில் இல்லை. அதனால் வாடிக்கையாளர்தான் தருகிறார். ஐந்து அளவுகளையும் மில்லிமீட்டரில் எழுதி, இருவரும் கையெழுத்துப் போட்டிருந்தால் பேச்சுக்கே இடமில்லை. இன்னொன்று: நீளத்தைக் கொஞ்சம் கூட்டியே வெட்டச் சொல்லுங்கள். நீளக் கட்டையைக் குறைக்கலாம்; குறைந்த கட்டையை வளர்க்க முடியாது.

இனி புளூயிங். குழலுக்குக் கறுநீல நிறம் ஏற்றும் வேலை. இதைப் பற்றி ஒரு விஷயம் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். இன்று பல இடங்களில் செய்வது காரத் தொட்டிப் புளூயிங்: காஸ்டிக் உப்புக் கரைசலை ஏறத்தாழ 140 டிகிரிக்குக் கொதிக்கவைத்து அதில் இரும்பை முக்குவார்கள். ஒற்றைக் குழல் ரைஃபிளுக்கு அது சரி. ஆனால் பழைய டபுள் பேரல்களில் இரண்டு குழலையும் நடுப்பட்டையையும் ஈயப் பற்றாசால் ஒட்டியிருப்பார்கள். காரம் அந்தப் பற்றாசை அரிக்கும். தொட்டியிலிருந்து எடுக்கும்போது கறுப்பாக அழகாக இருக்கும். சில மாதம் கழித்துப் பட்டை விட்டுக்கொடுக்கும், இடுக்கில் தேங்கிய காரம் உள்ளிருந்தே துருவை ஏற்றும். மறுபடி பற்றாசு வைத்து நேர்ப்படுத்தும் கூலி புளூயிங் கூலியைப் போலப் பல மடங்கு.

அதனால் டபுள் பேரலுக்குத் துருப் புளூயிங் மட்டும்தான். திராவகம் தடவி மெல்லிய துரு ஏறவிட்டு, கொதிநீரில் வேகவைத்து, மென்கம்பி பிரஷால் தேய்த்து எடுக்க வேண்டும். ஒரு சுற்றுக்கு ஒரு நாள். ஆறு முதல் பத்துச் சுற்று. துரு ஏறுவதற்குச் சென்னைக் காற்று உபகாரம்தான், ஆனால் உபகாரம் கொஞ்சம் அதிகமாகிவிடுவதும் உண்டு. வியர்த்த விரல் பட்ட இடத்தில் துரு குழியாகவே விழும். கையுறை போடாத பட்டறைக்குக் குழலைக் கொடுக்காதீர்கள். உண்மையில் நிறத்துக்கு ஆகும் நேரத்தைவிட அதற்கு முந்தைய மெருகுக்கு ஆகும் நேரமே அதிகம். அந்த மெருகைக் கையால், எமரித் தாளைத் தரம் தரமாகக் குறைத்துக்கொண்டே போய்ச் செய்ய வேண்டும். அவசரக்காரர் பஃபிங் சக்கரத்தில் பிடித்துவிடுவார். ஓரங்கள் உருண்டுபோகும், செதுக்கு வேலை மங்கும். எல்லாவற்றையும்விட, எண் அழியும். துப்பாக்கியின் எண்ணையோ அடையாளக் குறியையோ அழிப்பது 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் 8-வது பிரிவின்படி குற்றம். மங்கிய எண்ணோடு போய் நின்றால் ‘பாலிஷில் போய்விட்டது’ என்ற விளக்கம் காவல் நிலையத்தில் எடுபடாது. கொடுக்கும்போதும் வாங்கும்போதும் எண்ணைப் போட்டோ எடுத்துவைத்துக்கொள்ளுங்கள்.

எதிர்பாராத செலவு என்று வந்தால், அது பழைய துப்பாக்கியின் வயிற்றுக்குள்தான் ஒளிந்திருக்கும். நூறு வருஷத்து இங்கிலீஷ் டபுள் பேரலில் ஒரு திருகாணிகூட இன்னொரு துப்பாக்கிக்குப் பொருந்தாது. ஒவ்வொன்றும் அந்தந்தத் துப்பாக்கிக்கென்று கையால் அரத்தில் ராவியது. ஓர் இலை வில் (லீஃப் ஸ்பிரிங்) உடைந்தால் கடையில் கிடைக்காது. வில் எஃகை வெட்டி, வளைத்து, தோய்ச்சல் கொடுத்து, பதம் தணித்துப் பொருத்த வேண்டும். பதம் கூடினால் உடையும், குறைந்தால் மடங்கும். முதல் இரண்டு வில்லும் பட்டறையிலேயே உடைவது சகஜம். அந்த இரண்டுக்கும் கூலி உண்டா என்பதை முன்பே பேசிவிட வேண்டும். துருப்பிடித்த திருகாணியைக் கழற்றும்போது தலை உடைந்தால் துளைத்து எடுத்து, புதிதாகக் கடைந்து, இழை வெட்டி, பழையதைப் போலவே தலையில் செதுக்கு வேலை செய்ய வேண்டும். இதெல்லாம் திறந்து பார்க்காமல் யாராலும் சொல்ல முடியாது. ஆகவே திறக்காத துப்பாக்கிக்கு மொத்த விலை சொல்கிறவரை நம்புவதைவிட, ‘பிரித்துப் பார்க்க இவ்வளவு, பார்த்த பிறகு எஸ்டிமேட்’ என்கிறவரை நம்பலாம். ஆய்வுக் கூலி தனியாகத் தருவதற்குத் தயங்கவே கூடாது.

கட்டைக்குப் பணம் போடும் முன் குழலைப் பார்த்துவிடுங்கள். தோட்டா இல்லை என்பதை இரண்டு முறை உறுதிசெய்துகொண்டு, முன்கட்டையைக் கழற்றிவிட்டு, பூட்டிய நிலையில் குழலை மெல்ல அசைத்துப் பாருங்கள். கீலில் ஆட்டம் இருந்தால் முதலில் அந்த வேலை. தோட்டா அறையின் நீளத்தையும் அளக்கச் சொல்லுங்கள். பழைய இங்கிலீஷ் துப்பாக்கிகள் பலவற்றில் அது 65 மில்லிமீட்டர். இன்று பரவலாகக் கிடைப்பது 70 மில்லிமீட்டர்த் தோட்டா. நீளமான தோட்டாவும் உள்ளே போய்விடும் என்பதுதான் ஆபத்து: வாய் விரிய இடமில்லாமல் அழுத்தம் ஏறும். அறையை நீட்டித் தருகிறேன் என்பார் சிலர். நீட்டினால் குழலின் சுவர் மெலியும், முறைப்படி மறுசோதனை இல்லாமல் சுடக் கூடாது. பொருத்தமான தோட்டா தொடர்ந்து கிடைக்காது என்று தெரிந்தால், அந்தத் துப்பாக்கிக்கு விலையுயர்ந்த வால்நட் கட்டை போடுவதில் அர்த்தம் இல்லை. கட்டை முடிந்து, பூச்சு முடிந்து, கடைசி நாளில் இது தெரியவருவதுதான் நம் ஊரில் வழக்கமாக நடப்பது.

காகித வேலையால் போகும் நாட்களைப் பலர் கணக்கில் சேர்ப்பதே இல்லை. ஆயுதச் சட்டம் 5-வது பிரிவின்படி துப்பாக்கியைப் பழுதுபார்க்கவும் லைசென்ஸ் வேண்டும். கைத்திறன் எவ்வளவு இருந்தாலும் லைசென்ஸ் இல்லாத பட்டறையில் கொடுத்தால், அங்கே சோதனை நடக்கும் நாளில் உங்கள் துப்பாக்கியும் வழக்குச் சொத்தாகிவிடும். குழலைக் குட்டையாக்குவதற்கு 6-வது பிரிவின்படி தனி அனுமதி தேவை. ‘ரெண்டு இன்ச் குறைச்சுடலாம் சார்’ என்று சாதாரணமாகச் சொல்பவரிடம் எச்சரிக்கையாக இருங்கள். கொடுக்கும்போது கடைக்காரர் தன் ரெஜிஸ்டரில் ஆயுத எண்ணையும் லைசென்ஸ் விவரத்தையும் எழுதி, ரசீதிலும் அதே எண்ணைப் போட்டுத் தர வேண்டும். வயதானவர்கள் நேரில் வர முடியாதென்றால், லைசென்ஸ்தாரரின் எழுத்துபூர்வ அனுமதியோடு இன்னொருவர் பழுதுக்காக எடுத்துச் செல்ல 3-வது பிரிவே வழி விட்டிருக்கிறது. அந்தக் கடிதம் இல்லாமல் மகனையோ டிரைவரையோ அனுப்பிவிட்டு, கடைக்காரர் தரமாட்டேன் என்கிறார் என்று கோபப்படுவதில் நியாயம் இல்லை.

2019-ஆம் ஆண்டின் திருத்தத்துக்குப் பிறகு லைசென்ஸ் ஐந்து வருஷத்துக்கு. அதனாலேயே காலாவதித் தேதி மறந்துபோகிறது. துப்பாக்கி பட்டறையில் பிரித்துக் கிடக்கும்போது லைசென்ஸ் முடிந்துவிட்டால், வேலை முடிந்தாலும் கடைக்காரர் திருப்பித் தர முடியாது. புதுப்பிக்கும்போது ஆயுதத்தைக் கொண்டுவந்து காட்டச் சொல்வதும் வழக்கம்; எட்டுத் துண்டாகக் கிடப்பதை எப்படிக் காட்டுவது? வேலைக்குக் கொடுக்கும் நாளில் லைசென்ஸில் குறைந்தது ஒரு வருஷமாவது மிச்சம் இருக்கட்டும்.

தேர்தல் வந்தால் இன்னொரு முடிச்சு. 2024 மக்களவைத் தேர்தலை எடுத்துக்கொள்ளுங்கள். மார்ச் 16-இல் அறிவிப்பு, தமிழகத்தில் வாக்குப்பதிவு ஏப்ரல் 19, எண்ணிக்கை ஜூன் 4. நம் ஊரில் ஓட்டுப்போட்டு முடிந்த பிறகும் ஒன்றரை மாதம் நடத்தை விதி தொடர்ந்தது. ஆயுதங்களை ஒப்படைக்கச் சொல்லும் காலத்தில் பட்டறையிலிருந்து வீட்டுக்கு எடுத்துப்போவதும் வருவதும் சிக்கல்தான். மர வேலைக்குத் தோதான மாதங்கள் தை முதல் பங்குனி வரை என்று மேலே சொன்ன கணக்கிலிருந்தே தெரியும். தேர்தல் ஆண்டில் பங்குனியிலேயே இடைஞ்சல் தொடங்கிவிடலாம். தேசியப் போட்டிகள் பெரும்பாலும் ஆண்டின் கடைசியில் நடப்பதால் ஆவணி, புரட்டாசியில் எல்லோரும் ஒரே நேரத்தில் பட்டறைக்கு ஓடுகிறோம். விரல்விட்டு எண்ணக்கூடிய கைகள், ஒரே மாதத்தில் இத்தனை வேலை. போட்டிக்காரர்கள் சீசன் முடிந்த கையோடு கொடுத்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீரும்.

ஏர் ரைஃபிளுக்கு இந்தச் சட்டச் சிக்கல் குறைவு. 4.5 மில்லிமீட்டர், அதாவது .177 அளவும் 20 ஜூலுக்கு மேற்படாத ஆற்றலும் உள்ளதற்கு லைசென்ஸ் தேவையில்லை. அதனாலேயே யார் வேண்டுமானாலும் கை வைக்கிறார்கள். ‘பவர் ஏத்தித் தரேன்’ என்கிற மெக்கானிக் 20 ஜூலைத் தாண்டவிட்டால், லைசென்ஸ் இல்லாமல் லைசென்ஸ் ஆயுதம் வைத்திருப்பவர் நீங்கள்தான், அவர் இல்லை. காற்றழுத்த மேட்ச் ரைஃபிள்களில் வழக்கமாகப் போவது ஓ-ரிங்கும் (காற்று கசியாமல் தடுக்கும் வளையம்) ரெகுலேட்டரும் (காற்றழுத்தத்தைச் சீராக்கும் பாகம்). பொருளின் விலை சொற்பம். வெளிநாட்டிலிருந்து கூரியர், சுங்கம், காகிதம் எல்லாம் சேர்ந்து பல மடங்காகும். சீல் கிட் ஒன்றுக்கு இரண்டாக முன்கூட்டியே வாங்கி டப்பாவில் போட்டுவைப்பதுதான் மலிவு. ஏர் சிலிண்டரின் ஆயுள் பத்து வருஷம். அதைத் தாண்டியதைச் சர்வதேச விதிப்படி போட்டியில் அனுமதிக்க மாட்டார்கள். பழைய ரைஃபிளை வாங்கிப் பழுதுபார்ப்பவர்கள் சிலிண்டரில் பொறித்திருக்கும் தேதியைப் பார்த்துவிட்டு விலை பேசட்டும். சிலிண்டரைப் பழுதுபார்த்துத் தருகிறேன் என்று யார் சொன்னாலும் கொடுக்கக் கூடாது.

விசை வேலையிலும் எழுத்து முக்கியம். 10 மீட்டர் ஏர் பிஸ்டலுக்குக் குறைந்தபட்ச விசை எடை (விசை இழுபடாமல் தாங்க வேண்டிய எடை) 500 கிராம், 25 மீட்டர் பிஸ்டலுக்கு 1,000 கிராம். ‘லேசா வைங்க’ என்று சொல்லி 490-இல் வந்து நின்றால் போட்டி அன்று கருவிப் பரிசோதனையில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். 520, 530 என்று கொஞ்சம் மேலேயே வைக்கச் சொல்லுங்கள். தேய்மானத்தில் இறங்க இடம் வேண்டும்.

பணத்துக்கு வருவோம். பேச்சுக்கு 30,000 ரூபாய் வேலை என்று வைத்துக்கொள்வோம். பில் போடும்போது 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்ந்தால் அதுவே 5,400. பட் பேட் தனி, திருகாணி தனி, மரம் வந்த லாரிக் கூலி தனி. முன்பணமாக முழுத்தொகை அல்லது முக்கால் தொகை கேட்பதுதான் கெட்ட வழக்கம். பணம் முழுதும் போய்விட்டால் உங்கள் துப்பாக்கி அலமாரியின் பின்வரிசைக்குப் போய்விடும். மரத்தின் விலையை மட்டும் முதலில் கொடுத்து, பலகையின் மேல் உங்கள் பெயரை எழுதவைத்துப் போட்டோ எடுத்துக்கொள்ளலாம். மரம் இரும்போடு பொருந்திய பிறகு, வெறும் கட்டையாக இருக்கும்போதே தோளில் வைத்துப் பார்த்து இரண்டாம் தவணை. மிச்சம் கையில் வாங்கும்போது. நடுவில் வைத்துப் பார்ப்பதை விட்டுவிடாதீர்கள். அளவுப் பிழையைச் செலவில்லாமல் திருத்த அதுதான் கடைசி வாய்ப்பு.

இதையெல்லாம் ஒரே தாளில் அடக்கலாம். ஆயுத எண், ஐந்து அளவு, மரத்தின் ஈரப்பதம், புளூயிங் எந்த முறை, செக்கரிங் எத்தனை கோடு, கட்டம் கட்டமாகத் தேதி, எஸ்டிமேட்டைவிடப் பத்து சதவீதம் கூடினால் கேட்காமல் வேலையைத் தொடரக் கூடாது என்ற வரி, கழற்றிய பழைய பாகங்களைத் திருப்பித் தர வேண்டும் என்ற வரி. மெக்கானிக் கடையில் ஸ்கூட்டர் விட்டாலே வேலைச் சீட்டு எழுதித் தருகிறார்கள். ஆயிரக்கணக்கில் காசு வாங்கும் ஆயுதக் கடையில் அது ஏன் இல்லை என்பது எங்களுக்குப் புரியவில்லை.

சீட்டு இருந்தால் நுகர்வோர் சட்டமும் துணைக்கு வரும். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட ஆணையத்தில் இரண்டு வருஷத்துக்குள் புகார் கொடுக்கலாம். கொடுத்த தொகை ஐந்து லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை. அதற்கு முன் 1915 என்ற உதவி எண்ணில் பதிந்து பார்க்கலாம். வாய்ப்பேச்சு ஒப்பந்தத்தை வைத்துக்கொண்டு அங்கே போனால், என்ன வேலை, என்ன தேதி என்று காட்டவே ஒரு வாய்தா போய்விடும்.

கைவினைஞர்களின் பக்கத்தையும் சொல்ல வேண்டும். இந்த வேலை தெரிந்தவர்கள் அருகிவருகிறார்கள். லைசென்ஸ் கெடுபிடி, வருமானம் ஒழுங்கில்லை, பிள்ளைகள் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். ஒருவர் கண் அறுவை சிகிச்சைக்குப் படுத்தால் நகரத்தின் செக்கரிங் வேலை மொத்தமும் நின்றுபோகிற நிலைமை. ஃபிட்டர் படித்த இளைஞர் ஒருவரை லைசென்ஸ் பெற்ற பட்டறையில் முறைப்படி பதிவுசெய்து பழகவிட வழி எளிதாக்கினால் நான்கைந்து வருஷத்தில் பலன் தெரியும்.

சென்னையில் லைசென்ஸ் வழங்குவது மாநகரக் காவல் ஆணையர் அலுவலகம். அந்த அலுவலகத்துக்கு எங்கள் வேண்டுகோள் இரண்டு. பழுதுக்கு வாங்கும் ஒவ்வொரு துப்பாக்கிக்கும் மேலே சொன்ன விவரங்களோடு அச்சிட்ட வேலைச் சீட்டைத் தமிழில் தர வேண்டும் என்று கடைகளுக்கு அறிவுறுத்த வேண்டும். துப்பாக்கி பட்டறையில் இருக்கும்போது லைசென்ஸ் புதுப்பிக்க நேர்ந்தால், ஆயுதத்தை நேரில் காட்டுவதற்குப் பதிலாகக் கடைக்காரரின் ரெஜிஸ்டர் நகலையும் அந்தச் சீட்டையும் ஏற்றுக்கொள்ள வேண்டும். முதலாவதற்குச் செலவு ஒரு தாள். இரண்டாவதற்கு அதுவும் இல்லை.

இப்படிக்கு,
விளையாட்டுத் துப்பாக்கி சுடுவோர் சிலர்,
சென்னை.